மஞ்சள் குடோனுக்குச் சுண்ணாம்புப் பூச்சு: பூசிக் குடிவந்த பிறகு எழுதும் விமர்சனம்

"சிமெண்டா, சுண்ணாம்பா?" என்று கேட்டு வரும் போன்கள் அதிகமாகிவிட்டதால் இதை எழுதிவைக்கிறேன். இனி யார் கேட்டாலும் அனுப்பிவிடலாம் பாருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் சாமான் போட்டுவைக்கக் கட்டிய பழைய செங்கல் கட்டடத்தை வீடாக்கப் போகிறீர்கள் என்றால், சுண்ணாம்புப் பூச்சு கொடுத்த காசுக்கு உழைக்கிற பொருள். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் அவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம். மனக்கஷ்டம்தான் மிஞ்சும்.

எங்களுடையது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். என் மாமனாரின் அப்பா காலத்தில் கட்டிய மஞ்சள் குடோன். வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய மஞ்சளை விலை வருகிறவரைக்கும் மூட்டை போட்டு அடுக்கி வைப்பதற்கு. நாற்பதடி நீளம், பதினெட்டடி அகலம், ஒன்றரை அடிச் சுவர். சூளையில் விறகு போட்டுச் சுட்ட நாட்டுச் செங்கல். உள்ளே சேற்றுச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஜன்னல் கிடையாது. ஓட்டுக்குக் கீழே காற்றுப் போக வரிசையாகச் சந்துகள் மட்டும். பனங்கை மேல் மங்களூர் ஓடு. மேற்குச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி, அங்கே கட்டுத்தரை வைத்து மாடு கட்டியிருந்தார்கள். இந்த மேற்குச் சுவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் வில்லன் அதுதான்.

இப்போதெல்லாம் மஞ்சள் நேராக மண்டிக்கோ சங்கத்துக்கோ போய்விடுகிறது. குடோனில் கிழிந்த சாக்கும், துருப்பிடித்த கலப்பையும், பெருச்சாளியும்தான் குடியிருந்தன. டவுன் வீட்டை விட்டுத் தோட்டத்துக்கே வந்துவிடலாம் என்று முடிவானதும், முதலில் வந்து பார்த்த பொறியாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இடிச்சுருங்க." எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. எனக்கு மனசைவிடச் சுவரின் கனம்தான் கணக்கில் வந்தது. ஒன்றரை அடிச் சுவரை இன்றைக்குச் செங்கல் விற்கிற விலைக்கு யார் எழுப்பித் தரப்போகிறார்கள்? சரி, இடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, பழைய பூச்சையெல்லாம் கொத்திவிட்டு, வாட்டர்புரூஃப் கலந்து சிமெண்ட் பூசி, புட்டி வைத்து, எமல்ஷன் அடித்தால் புது வீடு மாதிரி ஆகிவிடும் என்றார்.

இதற்குப் பதில் அந்த மேற்குச் சுவரிலேயே இருந்தது. எப்போதோ யாரோ, ஓதம் ஏறுகிறது என்று, உட்பக்கத்தில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பூசிய இடம் வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, தலை உயரத்தில், சுவர் கறுத்து உப்புப் பொரிந்து கிடந்தது. வேலையாளை விட்டுச் சிமெண்டை ஓர் இடத்தில் பெயர்க்கச் சொன்னேன். பலகை பலகையாகக் கழன்று வந்தது. அதன் பின்னால் இருந்த செங்கலை விரலால் சுரண்டினால் ரவையாக உதிர்ந்தது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது. செங்கல் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் எங்காவது வெளியேறி ஆவியாக வேண்டும். மேலே சுண்ணாம்பு இருந்தால் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் வைத்து அடைத்தால், அடைக்காத இடம்வரை ஏறிப் போய் அங்கே வெளியேறும். போகும்போது தான் கரைத்துக் கொண்டுவந்த உப்பைச் செங்கலின் துளைக்குள் விட்டுவிட்டுப் போகும். உப்பு படிகமாகும்போது பருக்கும், பருத்துச் செங்கலை உடைக்கும். இதில் கட்டுத்தரைச் சுவருக்கு ஒரு விசேஷம் உண்டு. மாட்டு மூத்திரமும் சாணியும் ஊறிய மண்ணில் நைட்ரேட் உப்பு உண்டாகும். பீரங்கி மருந்துக்கு வெடியுப்பு எடுத்ததே அப்படிப்பட்ட மண்ணைக் கரைத்துக் காய்ச்சித்தான். பீகாரில் அது பெரிய தொழிலாகவே நடந்தது. அந்த உப்புக்குக் காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஆகவே மழை இல்லாவிட்டாலும் சுவர் நசநசவென்று இருக்கும். இரண்டு தலைமுறை மாடு கட்டிய சுவரில் வாட்டர்புரூஃப் சிமெண்டைப் பூசுவது, கொள்ளைக்காரனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதற்குச் சமம்.

1934-இல் கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. அப்படியிருந்தும் தோட்டங்களில் சுண்ணாம்பும் சேறும் ரொம்ப காலம் ஓடியதற்குக் காசு மட்டும் காரணம் என்று நான் இப்போது நினைக்கவில்லை.

இனி பொருளுக்கு வருகிறேன். சுண்ணாம்பு இன்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஹார்டுவேர் கடையில் மூட்டையில் வரும் நீற்றிய தூள். காளவாயிலிருந்து வரும் சுட்ட கல், அதை நாமே குழியில் நீற்ற வேண்டும். அப்புறம் வெளிநாட்டிலிருந்து வருகிற, ஈரத்திலேயே இறுகும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு. மூன்றாவதன் விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டோம், அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மூட்டைத் தூளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரியில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. பிறகு தண்ணீர் சேர்த்து நீற்றி, சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சுண்ணாம்பு இறுகுவது என்றால் இதுதான். இதே வேலை மூட்டைக்குள்ளேயே நடந்துவிட்டால்? மாதக்கணக்கில் கடையில் கிடந்து, காற்றுப் பட்ட தூள், பார்வைக்கு வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பாகவே இருக்கும். உள்ளுக்குள் அது வெறும் சாக்பீஸ் பொடி. பூசினால் ஒட்டாது. எங்களுக்கு வந்த முதல் லோடு அந்த ரகம்தான். இறக்குவதற்கு முன் ஒரு மூட்டையிலிருந்து கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். காற்றுப் பட்டுச் சாக்பீஸ் பொடியானதுதான் வினிகரில் நுரைக்கும். கொஞ்சம் நுரை எல்லாச் சுண்ணாம்பிலும் வரும். இது சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் பொங்கி வழிந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம். வண்டி வாடகையை மட்டும் கடைக்காரர் தரமாட்டேன் என்று நின்றார், அது போனது போனதுதான். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. எந்தக் கடையாக இருந்தாலும் வினிகர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கடைசியில் விருதுநகர்ப் பக்கத்துக் காளவாயிலிருந்து சுட்ட கல்லாகவே வரவழைத்தோம். காரைக்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், கூட இரண்டு கொத்தனார்கள், சித்தாள்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பெயர் எழுதலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "வேண்டாம்மா, இருக்குற வேலைக்கே ஆள் இல்ல" என்றுவிட்டார்.

நீற்றுகிற வேலை பார்க்க அழகு, பக்கத்தில் நிற்க ஆபத்து. களத்து ஓரத்தில் குழி வெட்டிச் செங்கல் பாவி, முதலில் தண்ணீர் விட்டு, அப்புறம்தான் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். எல்லோர் கண்ணுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். மேஸ்திரி அதை நெற்றியிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார், அது வேறு விஷயம். கல் விழுந்த நிமிடத்தில் உஸ்ஸென்று இரைந்து, குழி முழுக்கக் கொதித்து, ஆவி பறக்கும். சுற்றிலும் வலை கட்டிவிடுங்கள். கோழி, நாய், பேரப்பிள்ளை எல்லாம் வேடிக்கை பார்க்க வரும். நீறிய பிறகு சல்லடையில் சலித்து, வெண்ணெய்ப் பதத்தில் வருவதைத் தண்ணீருக்கடியிலேயே வைத்திருக்க வேண்டும். காற்றுப் படாதவரை அது கெடாது. நாள் ஆக ஆகப் பதம் கூடும். அவசரப்பட்டு எடுத்தால் நீறாத பொடிக்கல் உள்ளே இருந்து, பூசிய பிறகு சுவரிலேயே நீறிப் பொக்கென்று தெறித்துவிடும். குழிக்கு அரை மாதமாவது கொடுங்கள் என்றார் மேஸ்திரி. நாங்கள் அதற்கு மேலேயே கொடுத்தோம்.

கடுக்காய், கருப்பட்டி பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். போட்டோம். கடுக்காயை இடித்து, கருப்பட்டியோடு டிரம்மில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரைக் கலவைக்குச் சேர்த்தோம். கலவை கரணையில் இழைந்து வருகிறது, சீக்கிரம் வறண்டு போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் "ஆயிரம் வருஷம் நிற்கும் தமிழன் தொழில்நுட்பம்" என்று யூடியூபில் முழங்குவதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. கருப்பட்டி அதிகமானால் இறுகுவது தாமதமாகும், எறும்பும் வரும். எங்கள் டிரம்மைச் சுற்றி அந்தத் தோட்டத்து எறும்பு மொத்தமும் முகாம் போட்டிருந்தது. முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்துக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு கொண்டுவருவது செட்டிநாட்டு வளவுக்கு அழகு. மஞ்சள் குடோனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

இந்த வேலையில் உண்மையாகவே என்னை அசத்தியது வேறு ஒன்று. ஜன்னலுக்காகச் சுவரை வெட்டியபோது உடைந்து விழுந்த செங்கலை வீணாக்காமல், இடித்துத் தூளாக்கி, அந்தச் சுர்க்கியைச் சுவரின் கீழ்ப்பக்கம் பூசுகிற கலவையில் மணலோடு சேர்த்தார் மேஸ்திரி. பதமாகச் சுட்ட, அதிகம் வேகாத செங்கலின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து, ஈரத்திலும் இறுகும் தன்மையைக் கொடுக்கிறது. வெறும் சுண்ணாம்பால் அது முடியாது. அதற்குக் காற்று வேண்டும். இன்று பெரிய சூளையில் நன்றாக வெந்து வரும் சேம்பர் செங்கலை இடித்தால் இந்த அளவுக்கு வராது என்றார். ஆக அந்தக் குடோனின் ஜன்னல் ஓட்டைகள்தான் அதன் சுவருக்கு மருந்தாகியிருக்கின்றன.

பூச்சு ஆரம்பித்த அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிழக்குச் சுவரின் உட்பக்கத்தில் மூட்டை உரசி உரசி ஆளுயரத்துக்கு மஞ்சள் ஏறியிருந்தது. பழைய பூச்சைக் கொத்திய பிறகும் செங்கல் மஞ்சளாகத்தான் இருந்தது. முதல் நாளே சுவரை நனைத்து ஊறவிட்டு, மறுநாள் முதல் பூச்சைத் தட்டி அரை மணி நேரம் ஆகியிருக்காது, அங்கங்கே சுவர் சிவக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கை அகலத் திட்டுகளாக, கருஞ்சிவப்பில். மேஸ்திரிக்கு முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது, சுவர்ல ரத்தம் கட்டுது?" என்றார். சித்தாள் ஒருத்தி சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த என் அத்தைதான் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தாச் செவக்காம என்னங்க பண்ணும்? ஊட்டுக்குச் செவுரே ஆரத்தி எடுக்குது. வேலையப் பாருங்க."

அதுதான் விஷயம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பு காற்றை எடுத்துக்கொண்டு இறுக இறுக அந்தக் காரம் குறையும். அதனால் அந்தச் சிவப்புத் திட்டுகளே எங்களுக்கு ஒரு கணக்கானது. சிவப்பு வெளிறிப் பழுப்பான இடத்தில் பூச்சு இறுகுகிறது, இன்னும் பளிச்சென்று சிவந்திருக்கிற மூலையில் காற்று போதவில்லை என்று மேஸ்திரி சீக்கிரமே கண்டுகொண்டார். அந்த மூலைக்கு எதிரே இருந்த கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பூச்சைத் தள்ளிப்போட்டார். இரண்டாம் பூச்சு முடிந்த பிறகு சிவப்பு இருந்த இடமே தெரியவில்லை.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே பொறுமை வேண்டும். மெல்லிசாகத்தான் பூச வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொதுக் கணக்கு. மணலைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். ஆற்றுமணலுக்கு எங்கே போவது, சலித்துக் கழுவிய எம்-சாண்ட்தான் போட்டோம், குறை ஒன்றும் தெரியவில்லை. பங்குனி வெயிலில் வேலை நடந்ததால் ஜன்னலுக்கு ஜன்னல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் தெளித்தோம். வேகமாகக் காய்ந்தால் இறுகாது, தொட்டால் மாவாக வரும். முடிந்தால் ஆவணிக்குப் பிறகு ஆரம்பித்து, அடைமழை பிடிப்பதற்குள் வெளிப்பூச்சை முடித்துவிடுவதுதான் எங்கள் பக்கத்துக்குச் சரி.

மேற்குச் சுவருக்குத் தனி வைத்தியம். முதலில் கட்டுத்தரை மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துத் தென்னைக்குப் போட்டோம், தென்னைக்கு யோகம். வெளிப்பக்கம் ஆண்டாண்டாகச் சாணியும் மண்ணும் சேர்ந்து தரை மட்டம் ஏறியிருந்ததை வெட்டி இறக்கி, சுவரை ஒட்டி வாய்க்கால் எடுத்து ஜல்லி நிரப்பினோம். உள்ளே, பழைய சிமெண்டையெல்லாம் எடுத்துவிட்டு, உதிர்ந்த செங்கலை மாற்றி, விலை மலிவான மட்டச் சுண்ணாம்பைத் தடிமனாகப் பூசி ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுவிட்டார் மேஸ்திரி. உப்பு அதில் வந்து ஏறட்டும், அதைக் கொத்தி எறிந்துவிடலாம் என்பது திட்டம். அந்தப் பூச்சு ஐப்பசியில் வெள்ளைப் பஞ்சாகப் பூத்தது. தை பிறந்ததும் கொத்தி எறிந்துவிட்டுத்தான் உண்மையான பூச்சு போட்டோம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல்களைக் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் எடுத்தோம். நல்ல தேக்கு, ஆனால் எதுவும் ஒரே அளவில் கிடைக்காது. முதலில் ஜன்னலை வாங்கிவிட்டு அப்புறம் சுவரை வெட்டுங்கள். சுவரை வெட்டும்போது மேலே முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் ஓர் ஓட்டைதான். ஓட்டில் பாதி நன்றாக இருந்தது, மீதியைப் பழைய ஓடாகவே தேடி வாங்கிக் கலந்தோம். அடியில் சீலிங் ஓடு பாவியதில் வெயில் குறைந்தது. மயிலுக்கு மட்டும் மருந்து இல்லை. விடியற்காலையில் கூரை மேல் தொப்பென்று குதித்து நடை பழகுகிறது, மாதம் ஒரு ஓடாவது நகர்கிறது. பம்புசெட்டுக்கு இருக்கிற இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்கலாம் என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் உண்டு, கேட்காதீர்கள். அது பாசனத்துக்கு மட்டும்தான். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கியே ஆக வேண்டும்.

இனி குறைகள். விற்பவர்கள் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டும். மேல்பூச்சு நன்றாக இழைத்த இடத்தில் குறைவு, வெள்ளையடித்த இடத்தில் கூடுதல். கறுப்புப் புடவையோடு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுவிடுகிறேன். ஆணி அடித்தால் பூச்சோடு வந்துவிடும். திருகு ஆணியை உள்ளே செங்கல்வரை துளைத்து இறக்க வேண்டும். கனமான எதையும் தொங்கவிடப் பனங்கையிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டோம். மின்சாரக் குழாயைச் சுவரைக் கொத்திப் புதைக்க மேஸ்திரி விடவில்லை. எல்லாம் வெளியே தெரியும்படிதான் ஓடுகிறது. எனக்கு அது பழகிவிட்டது, என் மகளுக்கு இன்னும் பழகவில்லை.

மயிரிழை விரிசல் வரும். பயப்பட வேண்டாம், வெள்ளையடிக்கும்போது மூடிக்கொள்ளும். ஆனால் பெயிண்டரை நம்பாதீர்கள். "பிரைமர் அடிச்சு எமல்ஷன் ஓட்டிட்டா நீட்டா இருக்கும் மேடம்" என்று ஒவ்வொரு பெயிண்டரும் சொல்வார். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சுவரின் மூச்சை அடைத்தாயிற்று, இவ்வளவு நேரம் நான் எழுதியதெல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும், அதற்குள் கிடைக்கிற நிறங்கள் கொஞ்சம்தான். காவி, மங்கிய மஞ்சள், சாம்பல் நீலம். கடையில் அட்டையைப் பிரித்துக் காட்டுகிற பளிச் நிறங்கள் எதுவும் கிடையாது.

குளியலறைக்கும் சமையல் மேடைக்குப் பின்னாலும் சுண்ணாம்பு போடவில்லை. அந்த இடங்களைப் பழைய சுவரோடு ஒட்டாமல் புதுச் செங்கலில் எழுப்பி, சிமெண்டும் டைல்ஸும்தான். இதில் கொள்கை பேசி லாபமில்லை.

சுண்ணாம்பு பூசினால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்ற பேச்சும் பாதிதான் சரி. சித்திரை மதியம் வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் வித்தியாசம் முகத்தில் தெரியும், ஃபேன் போதும். ஆனால் ஒன்றரை அடிச் சுவர் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில்தான் திருப்பித் தருகிறது. எட்டு, ஒன்பது மணிக்கு உள்ளே புழுங்கும். கோடையில் நாங்கள் களத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறோம். டவுனில் அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள் சுண்ணாம்பு பூசிவிட்டு ஏசி வேண்டாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். குளிர்ச்சியில் பெரும்பங்கு சுவரின் தடிமனுக்கும் ஓட்டுக்கூரைக்கும் உரியது, பூச்சுக்கு இல்லை.

மேற்குச் சுவர் முழுதாக அடங்கிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். குடிவந்த பிறகு வந்த மழையில், தரையிலிருந்து முழ உயரத்தில் ஒரு கோடாக உப்பு பூத்தது. மேஸ்திரிக்குப் படம் அனுப்பினேன். "காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டிக் கூட்டி அள்ளுங்கம்மா, தண்ணி மட்டும் ஊத்திக் கழுவிடாதீங்க" என்றார். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். அடுத்த மழையில் கோடு குறைந்திருந்தது. அந்தச் சுவரை ஒட்டி பீரோ, கட்டில் எதுவும் போடவில்லை. அங்கே இப்போது என் வீட்டுக்காரரின் சைக்கிள் நிற்கிறது.

செலவு: பூச்சுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தப் பொறியாளர் கொடுத்த சிமெண்ட் எஸ்டிமேட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பொருளுக்கு அவ்வளவு ஆகவில்லை, கூலிதான். இதில் பேரம் பேச நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பு வேலையைச் சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் விடாதீர்கள். எங்கள் மேஸ்திரிக்கு முன்னால் ஒரு குழு சதுர அடிக்கு ரேட் சொல்லி, மூன்று பூச்சையும் ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றது. சதுர அடிக்குக் காசு வாங்குகிறவர் காய்வதற்குக் காத்திருக்க மாட்டார். அவர் பிழைப்பு அப்படி. எங்கள் மேஸ்திரி நாள் சம்பளத்துக்கு மட்டும்தான் வருவேன் என்றார். ஒரு பூச்சு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார், காய்கிற நாளுக்குச் சம்பளம் கேட்கவில்லை. வந்துபோகும் பஸ் செலவும் சாப்பாடும் நம்முடையது. நடுவில் கும்பாபிஷேக வேலை ஒன்று வந்து, அவர் அங்கே போய்விட, நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் பாதிச் சுவரோடு உட்கார்ந்திருந்தோம். கோயில் வேலை வந்தால் போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார், அதனால் சண்டை போடவும் வழியில்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதையெல்லாம் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.